பல் ஊத்தையில் ஓர் உலகம் கண்ட ஜவுளி வியாபாரி

அரசர்களைப் பற்றியும் படைத்தலைவர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசும் சரித்திரம், முழக்கோலும் கத்தரிக்கோலுமாகக் காலங்கழித்த ஒரு கடைக்காரரைப் பற்றி இரண்டு வரி சொல்வதற்கும் தயங்குவது வழக்கம். அதற்கு ஒரு விலக்குண்டு. ஒல்லாந்து தேசத்தில் துணி, நாடா, பொத்தான் விற்றுப் பிழைத்த ஒருவர், கல்லூரி வாசலை மிதிக்காதவர், தாய்மொழியைத் தவிர வேறு மொழி எழுதத் தெரியாதவர், நம் வாய்க்குள்ளேயே குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகளை மனித குலத்துக்கு முதன்முதலில் காட்டிக்கொடுத்தார். அந்தோனி வான் லீவன்ஹூக் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை வியாபாரிகளாகிய நம் வாசக அன்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். அவர் நம் தொழிற்காரர் என்பது மட்டும் காரணமன்று. அவர் கண்டறிந்த விஷயம் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நாம் ஒவ்வொருவரும் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியது.

1632-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ந் தேதி டெல்ப்ட் நகரில் லீவன்ஹூக் பிறந்தார். தந்தை கூடை முடைகிறவர். பிள்ளைக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். பையனை வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பிறகு சிற்றப்பன்மார் வரிசையிலான உறவினர் ஒருவரின் வீட்டில் சில காலம் இருந்தான். பதினாறாம் வயதில், 1648-இல், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு ஜவுளி வியாபாரியிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டான். தகப்பனில்லாப் பிள்ளையைப் பெரிய ஊர்க் கடையில் கொண்டுபோய் விடுவது நம்மவர்களுக்குப் புதிய கதையன்று. அந்தக் கடையில் பையன் மளமளவென்று மேலே வந்து, பணப்பெட்டியும் பேரேடும் பார்க்கும் பொறுப்புக்கு உயர்ந்தான்.

1654-இல் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஒரு துணி வியாபாரியின் மகளை மணந்து, வீடு வாங்கி, அதிலேயே ஜவுளிக்கடை திறந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. மரியா என்னும் ஒரு பெண்ணைத் தவிர மற்றவை தங்கவில்லை. 1666-இல் மனைவியும் இறந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மறுமணம் செய்துகொண்டார். இடையில் நகர சபைக் கட்டடத்தில் ஒரு சிறு உத்தியோகமும், நிலம் அளக்கும் உரிமமும் கிடைத்தன. 1679-இல் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை வரிக்காக அளந்து சொல்லும் பதவியும் சேர்ந்தது. சரக்கு நமக்கு விலக்கப்பட்டது. எனினும் அளவையில் நாணயஸ்தர் என்று ஊரார் நம்பாத ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதே ஊரில் அதே மாதத்தில் பிறந்த புகழ்பெற்ற ஓவியர் வெர்மீர் கடனோடு இறந்தபோது, அவர் விட்டுச்சென்றதைக் கணக்குத் தீர்க்கும் பொறுப்பையும் 1676-இல் நகரத்தார் லீவன்ஹூக்கிடமே ஒப்படைத்தார்கள்.

அக்காலத்து டெல்ப்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்நாட்டில் ஆறு நகரங்களில் கிளைச் சபைகள் இருந்தன. டெல்ப்ட் அவற்றுள் ஒன்று. 1641-இல் மலாக்காவையும் 1658-இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த அதே கம்பெனிதான். சோழமண்டலக் கரையின் துணியும் கீழ்த்திசையின் மிளகும் அந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஒல்லாந்துக்குப் போய் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மிளகைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சற்றுப் பின்னால் வரும்.

ஜவுளிக்காரர்கள் துணியின் நெருக்கத்தைப் பார்க்க ஒரு சிறு பூதக்கண்ணாடியை வைத்து இழையை எண்ணுவார்கள். லீவன்ஹூக்கின் கைக்குக் கண்ணாடி வந்த வழி அதுதான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1665-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் பூதக்கண்ணாடியில் கண்டவற்றைப் பெரிய சித்திரங்களாக அச்சிட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் பட்டுத்துணியின் இழைகளும் உண்டு. ஒரு துணி வியாபாரியின் கண்ணை அந்தப் படம் இழுத்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை.

கண்ணாடியின் ஆதி சரித்திரத்தைப் பேசும்போது பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. ஒளி எப்படி வளைகிறது, கண் எப்படிப் பார்க்கிறது என்று பதினொன்றாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து எழுதியவர். அந்நூல் லத்தீன் மொழிக்குப் போய் 1572-இல் ஐரோப்பாவில் அச்சேறியது. ஆனால் லீவன்ஹூக்குக்கு லத்தீன் தெரியாது. அவர் அதைப் படித்தார் என்று நாம் உரிமை கொண்டாடப் போவதில்லை. அவருடைய கல்வியெல்லாம் கையிலும் கண்ணிலும் இருந்தது.

அவர் செய்த கருவியைப் பார்த்தால் மைக்ராஸ்கோப் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பித்தளை அல்லது வெள்ளித் தகடு. அதில் ஒரு சிறு துளை. துளையில் கடுகளவு கண்ணாடி மணி ஒன்று. பின்புறம் ஓர் ஊசிமுனை. பார்க்கவேண்டிய பொருளை அதில் குத்திவைத்து, திருகாணியைத் திருகிக் கண்ணாடிக்கு நேராகக் கொண்டுவரவேண்டும். கருவியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால் பொருள் பெரிதாகத் தெரியும். இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகச் சிறந்தது ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. இப்படிப்பட்ட கண்ணாடிகள் ஐந்நூறுக்குமேல் தம் கையாலேயே செய்தார். ஒன்றைக்கூட விற்கவில்லை. மிகச் சிறந்தவற்றை வந்த விருந்தாளிகளுக்குக் காட்டவுமில்லை.

1673-இல் ஊர் மருத்துவர் ஒருவர் இவருடைய திறமையைப் பற்றி லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். அன்றிலிருந்து சாகும்வரை, ஐம்பது ஆண்டுகள், லீவன்ஹூக் தாம் கண்டதைக் கடிதமாக எழுதி லண்டனுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார். எல்லாம் ஒல்லாந்து மொழியில், கடைக்காரர் பேசுகிற நடையில். தேனீயின் கொடுக்கு, பேன், மரத்தின் நரம்பு, இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஊசிமுனையில் ஏற்றினார்.

இப்போது மிளகுக்கு வருவோம். மிளகு ஏன் காரமாயிருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதன் துகள்களில் முட்கள் இருந்து அவை நாக்கைக் குத்துகின்றனவோ என்று எண்ணினார். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். மூன்று வாரம் கழித்து, 1676-ஆம் ஆண்டு ஏப்ரலில், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தார். முள்ளைக் காணோம், எண்ணத் தொலையாத உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன! சிலவற்றின் உருவம் அவ்வளவு நுணுக்கம். ஒரு மணல் பரலின் கனத்தை நிரப்ப அவை எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டு, எண்களை அடுக்கினார். அவற்றுள் மிகச் சிறியவையே இன்று நாம் பாக்டீரியா என்றும் கிருமி என்றும் அழைப்பவை.

லண்டன் பண்டிதர்கள் நம்பினார்களா? உடனே நம்பவில்லை. ஒரு கடைக்காரன், வேறு யாரிடமும் இல்லாத கண்ணாடியில், வேறு யாருக்கும் தெரியாத பிராணிகளைப் பார்த்ததாகச் சொல்கிறான், எப்படி நம்புவது? இந்த இடத்தில் லீவன்ஹூக் ஒரு வியாபாரி செய்வதையே செய்தார். சாட்சி வைத்தார். மதிப்புள்ள எட்டுப் பேரை அழைத்துக் கண்ணாடியில் பார்க்கச் செய்து, அவர்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட அத்தாட்சிகளை 1677-இல் லண்டனுக்கு அனுப்பினார். அவர்களில் பாதிரிமார்களும் இருந்தனர். அதே ஆண்டு நவம்பரில் ராபர்ட் ஹூக் தாமே மிளகுத் தண்ணீர் ஊறவைத்து, சபையோர் முன்னிலையில் அந்த உயிர்களைக் காட்டிவிட்டார். 1680-இல் ராயல் சொஸைட்டி இவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சபையின் கூட்டம் ஒன்றுக்கும் அவர் கடைசிவரை போகவில்லை.

நம் கட்டுரையின் தலைப்புக்கு வந்துவிட்டோம். 1683-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17-ந் தேதியிட்ட கடிதம், அவர் எழுதியவற்றிலெல்லாம் மிக முக்கியமானது என்பது நம் அபிப்பிராயம்.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று நெருங்கிக்கொண்டிருந்தது. பல் விஷயத்தில் மிகவும் சுத்தக்காரர். காலைதோறும் உப்பை வைத்துப் பல் துலக்கித் தண்ணீரால் கொப்பளிப்பார். சாப்பிட்டபின் கடைவாய்ப் பற்களைக் குச்சியால் குத்தி எடுத்து, துணியால் அழுத்தித் துடைப்பார். தம் வயதில் இவ்வளவு வெண்மையான பற்கள் வாய்த்தவர் சிலரே என்று அவருக்கே ஒரு திருப்தி உண்டு. உப்பை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் ஈற்றில் இரத்தம் வராது. இருந்தும், கண்ணாடியில் பார்த்தபோது சில கடைவாய்ப் பற்களின் இடுக்கில், கரைத்த மாவைப்போல் வெள்ளையாக ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் பல் ஊத்தை என்று சொல்லி முகஞ் சுளிக்கும் அதே பொருள்தான்.

அதைச் சுரண்டி எடுத்து, சுத்தமான மழைத்தண்ணீரில் கலந்து பார்த்தார். அதற்குள் சிறு பிராணிகள் அழகாக அசைந்துகொண்டிருந்தன. ஒரு வகை, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மீன்போல் நேரே பாய்ந்தது. இன்னொரு வகை பம்பரம்போல் சுழன்றது. மற்றொரு வகை கொசுக்கூட்டம்போல் மொய்த்தது. தமக்குச் சித்திரம் எழுதக் கை வராது என்பதால் ஓவியர் ஒருவரை வைத்து அவற்றை வரையச் செய்தார். பாய்ந்த பிராணி எந்த வழியாகப் போயிற்று என்பதைக்கூடப் புள்ளிக்கோடு இட்டுக் காட்டியிருக்கிறார். உலகத்தில் பாக்டீரியாவுக்கு முதன்முதலாக எழுதப்பட்ட சித்திரங்கள் அவைதாம் என்று விஞ்ஞானிகள் கொள்கின்றனர்.

தம் வாயோடு அவர் நிற்கவில்லை. நாள்தோறும் வாய் சுத்தம் செய்யும் இரண்டு பெண்கள், எட்டு வயதுக் குழந்தை ஒன்று ஆகியோரின் உமிழ்நீரையும் பல்லிடுக்குப் பொருளையும் வாங்கிப் பார்த்தார். உமிழ்நீரில் ஒன்றுமில்லை. பல்லிடுக்கிலோ தம் வாயில் கண்ட அதே கூட்டம். பிறகு, வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு கிழவரைப் பிடித்தார். அந்தப் பெரியவரின் பல்லிலிருந்து எடுத்ததைத் தண்ணீரில் கலந்ததும், தண்ணீர் முழுவதுமே உயிர்பெற்று நெளிவதுபோல் தோன்றிற்று. தம் ஒரு வாயில் இருப்பவற்றின் தொகைக்கு ஒல்லாந்து தேசத்து மொத்த ஜனத்தொகையும் ஈடாகாது என்று லீவன்ஹூக் கணக்கிட்டார். சரக்கிருப்பு எடுக்கிற பழக்கம் எங்கே போகும்!

இனிதான் விஷயம். இந்தப் பிராணிகளை ஒழிக்க வழியுண்டா என்று பார்க்க நினைத்தார். கடுமையான காடியை எடுத்து, ஊத்தை கலந்த தண்ணீரில் சிறிது விட்டார். உயிர்கள் உடனே செத்தன. சரி, மருந்து கிடைத்துவிட்டது என்று வேறொருவர் கடையை மூடியிருப்பார். லீவன்ஹூக் அப்படிச் செய்யவில்லை. அதே காடியை வாயில் விட்டு, பற்களைச் சேர்த்துக் கடித்துக்கொண்டு, பலமுறை கொப்பளித்துத் துப்பினார். பிறகு தண்ணீரால் கழுவிவிட்டு, கடைவாய்ப் பல்லிடுக்கிலிருந்து மறுபடியும் சுரண்டி எடுத்துப் பார்த்தார். முன்போலவே ஏராளமான உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

ஏன்? காடி அந்தப் பொருளின் உள்ளே இறங்கவில்லை. மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டும் கொன்றது என்று அவர் முடிவுகட்டினார். இந்தச் சிறு முடிவின் பெருமை விளங்க ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. தண்ணீரில் தனித்து நீந்தும் கிருமி வேறு, பல்லில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும் கிருமி வேறு என்பதை அந்த ஜவுளிக்காரர் 1683-இலேயே தொட்டுவிட்டார். இவை பல்லைக் கெடுக்கும் என்று அவர் எழுதிவைக்கவில்லை. கிருமியால் நோய் வரும் என்ற ஞானமே உலகத்துக்கு இன்னும் இரண்டு நூற்றாண்டு தள்ளியிருந்தது.

அந்த இரண்டு நூற்றாண்டு கழிந்து, பெர்லின் நகரில் வேலை செய்த மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் 1890-இல் வெளியிட்ட நூலில், வாய்க் கிருமிகள் சர்க்கரையையும் மாவுப்பண்டத்தையும் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று காட்டினார். கிருமிகள் பல்லின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டுதான் இதைச் செய்கின்றன என்பதை அமெரிக்காவின் பிளாக் முதலியோர் 1890-களின் இறுதியில் எடுத்துச் சொன்னார்கள். கிருமிகள் எங்கே ஈரமான பரப்புக் கண்டாலும், அது பல்லாயினும் தண்ணீர்க் குழாயாயினும் ஆற்றுக் கல்லாயினும், இப்படிப் படலம் கட்டி வாழ்வதே அவற்றின் இயல்பு என்பது 1970-களில்தான் பரவலாக ஏற்கப்பட்டது. அதற்கு இன்று உயிர்ப்படலம் என்று பெயர்.

அந்தப் படலம் பல்லில் எப்படிக் கட்டுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம். பல்லை எவ்வளவு சுத்தமாகத் துலக்கினாலும், சில நிமிஷங்களுக்குள் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகின்றன. இந்தப் பூச்சில் கெடுதியில்லை. பல்லுக்கு அது ஒரு காப்பும்கூட. ஆனால் கிருமி கால் வைப்பதும் அதன்மேல்தான். சில மணி நேரத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகளும் ஆக்டினோமைசஸ் வகைக் கிருமிகளும் வந்து பிடித்துக்கொள்கின்றன. இவை முதற்குடிகள். முதலில் வந்தவர் இடம் பிடித்து, பின்னால் ஊர்க்காரர்களுக்குக் கடிதம் போட்டு வரவழைக்கும் கதை பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படியே இங்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்று வருகிறது. நேரே பல்லில் ஒட்டத் தெரியாத கிருமி, ஏற்கனவே ஒட்டியிருப்பதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஃபியூசோபாக்டீரியம் என்று நீண்ட கதிர்போன்ற ஒன்றுண்டு. அது முந்தி வந்தவற்றுக்கும் பிந்தி வருபவற்றுக்கும் நடுவே பாலம்போல் நிற்கிறது. காற்றுப் படாத ஆழத்தில், ஈறுக்கு அடியில், போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பொல்லாதவை கடைசியில் வந்து குடியேறுகின்றன. மனித வாய்களில் காணப்படும் கிருமி இனங்களை விஞ்ஞானிகள் எழுநூறுக்கு மேலாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் வாயிலேயே அத்தனையும் இருக்கும் என்பதில்லை.

வந்தவை சும்மா இருப்பதில்லை. பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து தங்களைச் சுற்றிப் பூசிக்கொள்கின்றன. நாம் உண்ணும் சீனி இந்தப் பசைக்கு மூலப்பொருள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் கிருமி சீனியை வாங்கி ஒரு பகுதியைப் பசையாகவும் ஒரு பகுதியை அமிலமாகவும் மாற்றிவிடுகிறது. பசைக்குள்ளே சிறு சிறு கால்வாய்கள் உண்டு. ஆகாரம் அவற்றின் வழியே உள்ளே போகிறது. ஆனால் மருந்து முழு வலுவோடு அடிவரை போய்ச் சேருவதில்லை. போனாலும் உள்ளே மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும் கிருமிகள் எளிதில் சாவதில்லை. லீவன்ஹூக்கின் காடிக்கு நேர்ந்த கதி இதுதான். தனித்து நீந்தும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து, படலத்துக்குள் இருக்கும் கிருமிக்குப் பலமடங்கு வேண்டியிருக்கிறது.

அமிலத்தின் வேலையையும் சொல்லவேண்டும். இனிப்புப் பட்ட சில நிமிஷங்களிலேயே படலத்துக்குள் புளிப்பு ஏறி, பல்லின் மேலோடாகிய எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைத் தணித்துச் சரிக்கட்ட அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு கிளாஸ் தேத்தண்ணீரை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருக்கும் நம் வழக்கத்தில், உமிழ்நீருக்கு அந்த அவகாசம் எங்கே? ஒவ்வொரு மடக்குக்கும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. துலக்காமல் விட்ட படலத்தில் உமிழ்நீரின் சுண்ணச்சத்து இறங்கி அது கெட்டியாகிவிட்டால் பல்லில் காரை என்கிறோம். அதை வீட்டில் எடுக்க முடியாது. பல் டாக்டர் கருவி கொண்டு பெயர்க்கவேண்டும்.

1965-இல் டென்மார்க் தேசத்தில் ஹரால்ட் லோ என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். சிலருக்குப் பத்து நாளிலும், சிலருக்கு மூன்று வாரத்திலுமாக எல்லாருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிற்று. மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை.

நாள்தோறும் ஐந்து வேளை ஒளுச் செய்யும்போது வாய் கொப்பளிக்கிறோம். எனவே வாய் சுத்தமாயிற்று என்று நம்மில் சிலர் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் உணவுத் துணுக்கைக் கொண்டுபோகும். காடிக்கே அசையாத படலம் தண்ணீருக்கு அசையாது. தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். கொப்பளிப்பது மட்டும் போதுமானால் மிஸ்வாக் எதற்காகச் சுன்னத்தாயிற்று என்று யோசித்துப் பார்க்கலாம். அராக் மரத்தின் குச்சியை மென்றால் நார் நாராகப் பிரிந்து பிரஷ் ஆகிவிடுகிறது. அதன் முதல் வேலை படலத்தைக் கலைப்பதே. குச்சியானாலும் கடைப் பிரஷ் ஆனாலும் இடுக்குகளுக்குப் போய்ச் சேரவேண்டும். குச்சியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்பற்களை மட்டும் இரண்டு தேய்த்தேய்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு லீவன்ஹூக்கின் கடைவாய்ப் பல்லைத்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் கடைவாய்ப் பல் அவரை மறுபடியும் ஒருமுறை ஆச்சரியப்படுத்திற்று. 1692-இல் எழுதிய கடிதத்தில் அந்தக் கதை வருகிறது. சில காலமாகத் தம் பல்லில் எடுத்த பொருளில் உயிருள்ள பிராணிகளைக் காணாமல் திகைத்தார். கடைசியில் காரணம் பிடிபட்டது. அவர் காலைதோறும் காப்பி குடிக்கப் பழகியிருந்தார்; வியர்க்க வியர்க்கக் குடிக்கும் அளவு சூடு. அந்தச் சூடு முன்பற்களில் இருந்தவற்றைக் கொன்றுவிட்டதோ என்று எண்ணி, சூடு எட்டாத கடைவாய்ப் பக்கத்தில் தேடினார். எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. ஒன்பது ஆண்டு கழித்து, வேறொரு பொருளால், அதே பாடம். அறுபது வயதை எட்டப்போகும் ஒரு மனிதர் இன்னும் தம் பல்லைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று அண்டை வீட்டார் சிரித்திருக்கக் கூடும்.

ஆனால் பெரிய மனிதர்கள் சிரிக்கவில்லை. 1698-இல் ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் டெல்ப்டுக்கு வந்து, விலாங்கு மீனின் வாலில் இரத்தம் ஓடுவதை அவருடைய கண்ணாடியில் பார்த்துப் போனார். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ், இந்தத் தொழிலை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று கேட்டார். லீவன்ஹூக் சம்மதிக்கவில்லை. கண்ணாடி செய்யும் முறையையும், மிக நுண்ணியவற்றைப் பார்க்கும் முறையையும் யாருக்கும் சொல்லவில்லை. தொழில் ரகசியம் காப்பது வியாபாரிக்குச் சரிதான். எனினும் இதில் நாம் அவரோடு உடன்பட முடியவில்லை. அவருக்குப்பின் அதே தெளிவோடு பார்க்க ஆளில்லாமல் கிருமியாராய்ச்சி வெகுகாலம் தேங்கிக் கிடந்தது. ரகசியத்தை இருவரிடமாவது விட்டுப் போயிருந்தால், பல் வலியால் இரவெல்லாம் அழுத எத்தனையோ தலைமுறைக்கு விடிவு முன்னதாகவே வந்திருக்கலாம்.

1723-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி, தொண்ணூறு வயது நிறைந்து, அவர் காலமானார். இறுதி நோயில்கூடத் தம் உடம்பின் நிலையைக் கவனித்து லண்டனுக்கு எழுதச் செய்துகொண்டிருந்தார். டெல்ப்டின் பழைய தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஆயுள் முழுதும் அவரோடு இருந்து பணிவிடை செய்த மகள் மரியா அவ்விடத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். தந்தை சொல்லி வைத்திருந்தபடி, 26 வெள்ளி மைக்ராஸ்கோப்புகள் அடங்கிய ஒரு பெட்டியையும் அவர் ராயல் சொஸைட்டிக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பெட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டில் காணாமற் போயிற்று. வீட்டில் இருந்த மற்றக் கருவிகள் மரியாவின் மறைவுக்குப்பின் 1747-இல் ஏலத்தில் போயின. உலகம் முழுவதும் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய ஒரு டஜன்.

லண்டன் சபையின் காகிதக் கட்டுகளுக்கிடையே, அவர் கடிதத்தோடு ஒட்டி அனுப்பியிருந்த சிறு பொட்டலங்களை 1981-இல் பிரையன் ஃபோர்டு என்பவர் கண்டெடுத்தார். தக்கையையும் செடித்தண்டின் சோற்றையும் சவரக்கத்தியால் மெல்லிதாகச் சீவி அனுப்பிய துண்டுகள் கலையாமல் இருந்தன. கண்ணாடி ரகசியமும் 2021-இல் ஓரளவு வெளிப்பட்டது. தகட்டைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிர் பாய்ச்சி உள்ளே பார்த்தார்கள். செய்தது டெல்ப்ட் நகரத்துப் பல்கலைக்கழகம். மிக வலுவான கருவியில் இருந்தது, கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கித் திரட்டிய ஒரு சிறு மணி. அதன் காம்பின் மிச்சம்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. தமது சொந்தக் கைமுறை என்று அவர் ஐம்பது ஆண்டு மூடிவைத்திருந்தது, ராபர்ட் ஹூக் முன்னமே அச்சிட்டு வெளியிட்டிருந்த முறையாகவே தோன்றுகிறது.